ஏழாவது ஸ்டேஜில் நின்றுபோகும் கேம்

நாற்பதைத் தொட்டுவிட்ட நாமெல்லாம் கேம் விளையாடுவதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சப்படுகிறோம். முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டுக்கொள்கிற வயதில், பதினோரு வயதில் விளையாடிய ஒரு கேமை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிடியைப் பாவாடை நுனியில் துடைத்து, வாயால் ஊதி, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டிய கூட்டம் நாம்தான். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

போன மாதம் என் மகள் அதைத் தேடியெடுத்து லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். பெயர் எனக்கு அன்றும் தெரியாது. சிடியின் மேல் யாரோ மார்க்கர் பேனாவால் ஒரு பேய்த்தலையை மட்டும் வரைந்திருந்தார்கள். நான் சொன்ன அடையாளங்களை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். பாதாளத்துக்குள் ஸ்டேஜ் ஸ்டேஜாக இறங்க வேண்டும். வழியில் வரும் மிருகங்களை ஜாடிக்குள் பிடித்து, அவற்றையே நமக்காகச் சண்டை போட வைக்க வேண்டும். கையில் ஒரு விளக்கு. எண்ணெய் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இவ்ளோ மோசமான கேமையாம்மா இத்தன வருஷமா சொல்லிக்கிட்டிருந்த?"

மோசமான கேம்தான். ஒரு அடி எடுத்து வைக்க ஒரு நொடி ஆகிறது. எல்லாச் சுவரும் ஒரே சுவர். ஒரே நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பாதி மிருகங்களுக்குக் கால் வரையவே மறந்திருக்கிறார்கள். ஆனாலும் முதல் கதவு திறந்ததும் என் விரல்கள் தாமாகவே இடது பக்கம் மூன்று அடி, வலது பக்கம் ஒரு அடி என்று நடந்தன. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்த வியர்வைக்குக் காரணம் கேம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் மதுரையில், தல்லாகுளத்தில் வாடகைக்கு இருந்தோம். முழுப்பரீட்சை முடிந்திருந்தது. அழகர் வந்து போய், தண்ணீர்ப் பந்தல் போட்ட மூங்கில்கள் இன்னும் பிடுங்கப்படாமல் தெருவோரம் நின்றன. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, லீவு முடிந்து போகும்போது அந்தச் சாம்பல் நிறக் கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். கூட மூன்று சிடி. இரண்டு ஓடவே இல்லை. மூன்றாவது, இது. முழுக்க ஜப்பான் எழுத்து.

அப்பா நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவர். வயல், வாய்க்கால், எல்லைக்கல் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கோடுகளாக ஆக்குகிற வேலை. வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர். தன் அண்ணன் முன்னால் நாற்காலியில் உட்காரக்கூட மாட்டார். அவரைக் கோழை என்றுதான் நான் மனதுக்குள் வைத்திருந்தேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை விளையாடலாம் என்பது அவர் போட்ட விதி. கேமில் வழி தெரியாமல் நான் அழுததைப் பார்த்து, கழித்துப் போட்ட கட்டம்போட்ட தாள்களைத் தைத்து ஒரு நோட்டாக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பெரியப்பா மகள் வந்தது அந்தச் சமயத்தில். எழுமலையில் பெரியப்பாவுக்கு விவசாயம். அக்காவுக்குப் பதினெட்டு வயது, பிளஸ் டூ முடித்திருந்தாள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சின்ன வயதில் பம்புசெட் தொட்டியில் வழுக்கி விழுந்து அவளுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பல்ல மட்டும் சரிபண்ணிருங்க" என்றார்களாம். அதற்காக எங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அம்மா அவளைப் பல் டாக்டரிடம் உட்காரவைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவார். வீடு திரும்பும்போது அக்கா மேல் கிராம்புத் தைலம் மணக்கும்.

அவள் சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும். கேம் பார்க்கும்போது மட்டும் அந்தக் கையில் பென்சில் இருந்ததால் வாய் மூடவில்லை. நான் பட்டனை அமுக்குவேன், அவள் வரைவாள். சுவருக்கு இரட்டைக் கோடு. படிக்கட்டுக்கு ஏணி. கிணற்றுக்கு வட்டம்; கிணற்றடியில் நின்றால் எங்கள் மிருகங்களுக்கு உயிர் ஏறும். ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவாள்: 'காவக்காரன் அங்கிட்டுத் திரும்புனதும் ஓடு.' 'கிழக்கு வாசல்ல யாரையும் எழுப்பாத.'

மிருகங்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். தோளில் பை தொங்கியதற்குக் கண்டக்டர். நடக்கும்போது சொதசொதவென்று சத்தம் வந்ததற்கு ஈரச்சாக்கு. ஐந்தாவது ஸ்டேஜில் ஒன்று வரும், மான் மாதிரி, கழுத்தில் சிவப்புக் கயிற்றோடு. எத்தனை ஜாடி எறிந்தாலும் உடைந்துதான் போகும். திரையில் ஒரு வரி எழுத்து வரும், அதை எங்களால் படிக்க முடியாது. ஆறு ஜாடி வீணான பிறகு அக்கா சொன்னாள்: "விட்டுருடி. அதுக்கு ஆள் இருக்கு." படத்தில் அதற்கு ஒரு சின்ன முடிச்சு போட்டாள். இப்போது லேப்டாப்பில் ஓடுவது யாரோ இங்கிலீஷுக்கு மாற்றிய கேம். அந்த வரியை மகள் வாசித்துக் காட்டினாள். இது இன்னொருவருடையது என்றுதான் இருந்தது.

ஏழாவது ஸ்டேஜ் வரை வந்துவிட்டோம். அதற்குமேல் சிடி விடவில்லை. எட்டாவதுக்கு இறங்கும் படியில் கால் வைத்ததும் திரை கறுத்துவிடும், பெட்டிக்குள் கிர்க் கிர்க் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். அப்பாகூட ஒருநாள் கண்ணாடித் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, "கோடு விழுந்திருக்குத்தா, ஓடாது" என்றார். நாங்கள் விடவில்லை. ஒரே ஒரு தடவை விட்டது. நீலச் சுவர் ஒன்று தெரிந்தது. இரண்டு அடி வைப்பதற்குள் நின்றுவிட்டது. அதற்கே அன்று மத்தியானம் முழுக்கக் குதித்தோம்.

ஒரு வியாழக்கிழமை நோட்டைப் புரட்டினேன். எட்டாவது பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அது நான் விளையாடிய இடம் இல்லை. ஒரு ஏணி, அங்கிருந்து நீளமாக ஒரு வழி, ஒரு வட்டம், திருப்பம், கடைசியில் ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் அந்த முடிச்சு. கீழே ஒரே வரி: 'செவ்வாய், பல் டாக்டர் முடிஞ்சதும்.'

"இது எந்த ஸ்டேஜுக்கா?"

அக்கா நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "இது நம்ம கேம் இல்ல. யார்கிட்டயும் சொல்லாத."

எனக்குப் பதினோரு வயது. ஓடிப்போனவர்கள் கதை எத்தனையோ காதில் விழுந்திருந்தது. பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அவர்கள் ஊர் திரும்பியதும் கதை எப்படி முடிந்தது என்பதை மட்டும் எங்கள் முன்னால் சொல்ல மாட்டார்கள். யாரோ ஒருவன் இருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெரியப்பாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை, அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. அலங்காநல்லூரில் வாக்கப்பட்டவர். மாப்பிள்ளை அவருடைய கொழுந்தன் மகன். இந்தச் சம்பந்தம் அவர் கொண்டுவந்தது. பத்திரிகையில் போட வேண்டிய பெயர்களை எழுத ஒரு தாள் தேடினார். டிவிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்தார்.

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். 'காவக்காரன் அங்கிட்டுத் திரும்புனதும்' என்று முணுமுணுத்தவர், நிறுத்தினார். அடுத்த பக்கம். அடுத்த பக்கம். கடைசிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே," என்றார். "ஒம் மக வீட்டவிட்டுப் போறதுக்குப் படம் போட்டு வச்சிருக்கா. நாள் கெழமையோட."

பெரியப்பா நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கை வாயை மூடியிருந்தது.

"யாரு அவன்?"

அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது. அம்மா போய் அடுப்பை அணைத்தார். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அது கேம் பெரியப்பா," என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நான் வெளையாடுறது. அக்கா படம் போட்டுத் தரும். காவக்காரன் டிவிக்குள்ளதான் வருவான்."

"செவ்வாக்கெழமையும் டிவிக்குள்ளதான் வருதோ?" என்றார் அத்தை.

"டாக்டர்கிட்டப் போயிட்டு வந்ததும் அந்த ஸ்டேஜ் வெளாடலாம்னு எழுதி வச்சோம்."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார். "காட்டு," என்றார். "மொத பக்கத்துலருந்து. எல்லாத்தையும் காட்டு." அப்பாவிடம் நோட்டை நீட்டினார். "படம் பாக்குறது ஒன் வேலதானே. நீ பாத்துச் சொல்லு."

நம்மில் எத்தனை பேர் பெரியவர்கள் முன்னால் கேம் விளையாடியிருக்கிறோம்? அன்று ஒரு வீடே எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஃபேன் சுற்றியும் பட்டனில் விரல் வழுக்கியது. அப்பா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலகத்தில் செய்வதுபோல் பென்சிலைச் சீவிக்கொண்டார். நான் ஒவ்வொரு முக்கு திரும்பும்போதும் படத்தில் ஒரு டிக் போட்டார். திரையில் சுவர் வந்தால் படத்திலும் சுவர் இருந்தது. கிணறு வந்தால் வட்டம் இருந்தது. முதல் ஸ்டேஜ் சரி. இரண்டாவது சரி. நடுவில் செத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும், அவர்கள் அதுவரை பொறுப்பார்களா என்ற பயத்தில், பிடிக்க வேண்டிய மிருகத்தைக்கூடப் பிடிக்காமல் ஓடினேன்.

மூன்றாவது ஸ்டேஜில் காவல்காரன் வந்தான். அவன் திரும்பியதும் ஓடினேன். "ம்," என்றார் பெரியப்பா, பின்னாலிருந்து. நான்காவதில் அவர் தன்னை மறந்து, "அந்த வலது பக்கம் ஏன் போகல?" என்றார்.

"அங்கிட்டுப் போனா குழி பெரியப்பா."

"படத்துல குழி போட்டிருக்கா தம்பி?"

"போட்டிருக்குண்ணே," என்றார் அப்பா.

ஐந்து. ஆறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு இப்போது ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. கோடை முழுக்கத் திட்டித் தீர்த்த அந்தச் சிடி, ஏழாவது ஸ்டேஜின் படியில் நின்றுபோக வேண்டும். ஒருமுறை விட்டது மாதிரி இன்று விட்டுவிடக் கூடாது. விட்டால் நீலச் சுவர் வரும். எட்டாவது பக்கத்தில் சுவரே இல்லை.

ஏழாவது ஸ்டேஜின் கடைசி முக்கில் நின்றேன். எதிரே படி தெரிந்தது. அக்கா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"எறங்கு," என்றார் அத்தை.

இறங்கினேன். திரை கறுத்தது. கறுத்த திரையில் எங்கள் எல்லோர் முகமும் தெரிந்தது, பெரியப்பாவின் வெள்ளை வேட்டி, அப்பாவின் கண்ணாடி. ஒரு சத்தமும் இல்லை. சிடி ஓடப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் கிர்க் என்றது. கிர்க், கிர்க்.

"என்னாச்சு?"

"நின்னுபோச்சு பெரியப்பா. எப்பவும் இங்கதான் நிக்கும்."

"தட்டிப் பாரு."

தட்டினேன். கிர்க், கிர்க். அப்பா கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார். "நானே தொடச்சுப் பாத்துட்டேன்ணே. டிஸ்க்குல கோடு. இதுக்கு மேல ஓடாது."

அத்தை விடவில்லை. "இதுக்கு மேல ஓடாதுன்னா எட்டாவது படம் எப்புடி வந்துச்சு? சொல்லுடி. சாமி படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லு."

என் கையைப் பிடித்து மாடத்துக்கு முன்னால் நிறுத்தினார். சூடம் ஏற்றினார். சூடத்தின் புகை கண்ணை எரித்தது.

"ஒரு தடவ ஓடுச்சு," என்றேன். "எட்டாவது ஸ்டேஜ் தெரிஞ்சுச்சு. சத்தியமா." அது உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடைந்திருப்பேன். கையை நீட்டிச் சூடத்தை அணைத்தேன். உள்ளங்கையில் கரி படிந்தது.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா எட்டாவது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை மூடினார். "மிச்சமும் அதே மாதிரிதான்ணே," என்றார்.

போன மாதம் அந்தப் படியைத் தாண்டினேன். எட்டாவது ஸ்டேஜில் இறங்கியதும் மூக்குக்கு நேரே நீலச் சுவர். அன்று ஓடியிருந்தால் அப்பா பென்சிலை வைக்கும் முதல் கட்டத்திலேயே பிடிபட்டிருப்போம். லேப்டாப்பை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். மகள் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

பல் வேலை முடியட்டும், புதன்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கிளம்பினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நோட்டு அவர் மடியில் இருந்தது.

"ஏழு பக்கத்துலயும் சுவரு இருக்கு," என்றார். "இதுல சுவரு இல்ல. இது தெருதானேம்மா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வடக்கு எதுன்னு போடல நீ. தனியாப் போயிருந்தா வழி தப்பியிருப்ப." கொஞ்சம் பொறுத்து, "யாரும் இருக்கானா?" என்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா. சத்தியமா இல்ல." அப்போதுதான் அவள் அழுதாள். பல் டாக்டர் வீட்டுத் திண்ணையில்... இல்லை, காத்திருக்கும் அறையில், நினைவு இப்படித்தான் இடம் மாற்றி வைக்கிறது, அங்கே அவளோடு பள்ளியில் படித்த பெண் ஒருத்தியைப் பார்த்திருக்கிறாள். அந்தத் தோழி அலங்காநல்லூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லி, வழியும் சொல்லியிருக்கிறாள். "பொய்யா இருந்தா நானே பேசாம கட்டிக்கிருவேன். போய்ப் பாத்துட்டு வந்துரலாம்னுதான்."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"யாரு சொன்னான்னு கேப்பாரு. அவள இழுத்துவச்சு அசிங்கப்படுத்துவாங்க. அத்தை இல்லைன்னுரும். யாரு போய்ப் பாப்பா சித்தப்பா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் அலுவலக லீவு என்று சொன்னார். டாக்டர் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் என்னை நடுவில் வைத்து, அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, வடக்கே திருப்பினார். நான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை குட்டியோடு போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். என்னை வீட்டில் விட்டால் அம்மாவிடம் உளறிவிடுவேன் என்றும் நினைத்திருக்கலாம்.

கரும்பும் காய்ந்த வயலும் மாறி மாறி வந்தன. ஆலையை நெருங்கும்போது பாகு புளித்த வாடை அடித்தது. பஸ் நிற்கும் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து எட்டாவது பக்கத்தை எடுத்தார். ஏணி. நீளமான வழி. கிணறு வந்தது. திரும்பினோம். மாப்பிள்ளை எதிரே வந்தால் என்ன செய்வோம் என்று யாரும் பேசவில்லை.

நீலம் பூசிய கதவு. ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் வெங்காய வடகத்தைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றது.

"அளவு ஆபீஸும்மா," என்றார் அப்பா. "இந்தப் பக்கம் ரோட்டுக்கு அளக்கச் சொல்லியிருக்காக. வீடு யார் பேருல இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் பேருலதான் சார். ஆலைக்குப் போயிருக்காக." கட்டிய கணவன் பெயரைச் சொல்லும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு இல்லை. குனிந்து குழந்தையின் மோவாயைத் தொட்டாள். "அப்பா பேரு என்ன? சாருக்குச் சொல்லு தாயி."

குழந்தை சொன்னது. மழலையில் ஒரு எழுத்து நழுவினாலும், எங்கள் வீட்டு அலமாரியில் அச்சுக்குப் போகக் காத்திருந்த பத்திரிகையில் அக்கா பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெயர்தான். திறந்த கதவு வழியாகச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவும் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேர்.

அப்பா கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். உண்மையிலேயே எழுதினாரா, பென்சிலை அசைத்தாரா, தெரியவில்லை. அந்தப் பெண் எங்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாங்கள் வாங்கிக் குடிப்பதைக் கொஞ்சம் வியப்போடு பார்த்த மாதிரி இருந்தது. அவள் ஏன் அப்படிப் பார்த்தாள், மாப்பிள்ளை வீட்டில் அவளை ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதெல்லாம் எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது. அக்காவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "பல்வலியா? கிராம்பு தரவா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் நாலு கிராம்பைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தாள்.

திரும்பும் வழியில் ஆலையைத் தாண்டிய பிறகு அக்கா பேசினாள். "அதுக்கு ஒண்ணும் தெரியாது சித்தப்பா."

"தெரியாது," என்றார் அப்பா.

புதன்கிழமை பெரியப்பாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா உட்காரவில்லை, வழக்கம்போல நின்றுகொண்டேதான் சொன்னார். அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போனதாகவும், கண்ணால் பார்த்ததாகவும். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் நிறுத்தவில்லை. குழந்தை பெயர் சொன்னதுவரை சொன்னார்.

பெரியப்பா தங்கையைப் பார்த்தார். "தெரியுமா ஒனக்கு?"

"ஊருல எந்த ஆம்பள ஒழுங்கா இருக்கான்?" என்றார் அத்தை. "தாலி ஏறிட்டா எல்லாம் சரியாப் போகும். அவ என்ன நாலு பேரு கூடிக் கட்டிவச்சவளா? நம்ம பிள்ளை போனா அவளா ஒதுங்கிக்கிருவா."

"நீ பாத்தியா?" பெரியப்பா இப்போது அக்காவிடம் கேட்டார்.

அப்பா குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பாத்தேன்ப்பா," என்றாள்.

அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நேரமாச்சு. நீ ஒன் ஊருக்குக் கெளம்புத்தா," என்றார் தங்கையிடம். கல்யாணம் நின்றது அப்படித்தான்.

அதோடு முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியை ஒயரோடு பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பொட்டப்பிள்ளைகளுக்கு வேவு பாக்கச் சொல்லிக்குடுக்குது. இது இந்த வீட்டுல வேணாம்." எனக்காக அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வைத்திருந்த வார்த்தை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவரோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பெட்டி எழுமலையில் மோட்டார் ரூமில் கிடந்து, எலி ஒயரைக் கடித்துப்போட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அக்கா மூன்று வருடம் கழித்துத் திண்டுக்கல் பக்கம் கட்டிப் போனாள். நல்ல இடம். அந்த நீலக் கதவு வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த மாப்பிள்ளை வேறெங்கும் கட்டவில்லை என்பது மட்டும் காதில் விழுந்தது.

அத்தை பதினோரு வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அவரை நான் மனதார வெறுத்தேன். அப்பா செத்ததற்கு வந்தார், ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார். பிறகு அவருக்கே உடம்பு முடியாமல் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, முறை போட்டுக்கொண்டோம். என் முறை பகலில். அவருடைய வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஒருநாள்கூட வரவில்லை. ஏன் என்று பக்கத்துப் படுக்கைக்காரி கேட்டபோது அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "அவருக்கு அங்கிட்டு ஒரு வீடு இருக்கு. நான் வாக்கப்படுறதுக்கு முன்னாடியே இருக்கு."

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதுவரை தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்றும் தெரியாது.

பக்கத்துப் படுக்கைக்காரி எழுந்து வராந்தாவுக்குப் போன பிறகு அத்தை என்னைப் பார்த்தார். "அன்னைக்கு ஒங்கப்பன் தனியாப் போகல. அக்காவோட ஒன்னையும் கூட்டிட்டுத்தான் போயிருக்கான். அப்புடித்தானே?"

"ஆமாத்தை."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பேசி முடிக்கிறப்ப ஒங்கப்பன் சின்னப்பய, அவனச் சொல்லி என்ன. ஒங்க பெரியப்பாவுக்கு இருவது வயசு. சைக்கிள் இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "யாராச்சும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கலாம்லத்தா."